என்ரோல்டு நர்ஸ்களுக்கு மேற்பார்வை நீக்கப்படவில்லை

ஆஸ்திரேலியாவில் என்ரோல்டு நர்ஸ்கள் (டிப்ளமோ படித்துப் பதிவு பெற்ற செவிலியர்கள்) இனி மேற்பார்வையின்றிப் பணியாற்ற ஒழுங்குமுறை அனுமதி கிடைத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. அந்நாட்டின் செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் வாரியம் 2016இல் நடைமுறைப்படுத்திய பணித்தரங்களின்படி, அவர்கள் ரெஜிஸ்டர்டு நர்ஸ் (பட்டப்படிப்பு முடித்துப் பதிவு பெற்ற, கூடுதல் பொறுப்புள்ள செவிலியர்) ஒருவரின் நேரடி அல்லது மறைமுக மேற்பார்வையிலேயே பணியாற்ற வேண்டும். மறைமுக மேற்பார்வை என்பதே குழப்பத்துக்கு இடமளித்திருக்கக்கூடும். நோயாளியின் வீட்டுக்குத் தனியே சென்று புண்ணுக்குக் கட்டுப்போடும் என்ரோல்டு நர்ஸின் அருகில் எவரும் இல்லாதிருக்கலாம். ஆயினும் புண்ணில் சீழ் கண்டால் உடனே தொலைபேசியில் அழைத்துக் கலந்துபேச, இன்னார் என்று பெயர் குறிக்கப்பட்ட ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். என்ரோல்டு நர்ஸ் தம் செயலுக்குத் தாமே பொறுப்பு என்ற விதியும் இந்த மேற்பார்வையை நீக்கிவிடாது. வாரியத்தின் இணையதளத்தில் பணித்தரங்களை எவரும் படித்துப் பார்க்கலாம். இச்செய்தியை நம்பிச் செயல்படும் செவிலியரின் தொழில் பதிவுக்கும் நோயாளியின் பாதுகாப்புக்கும் ஆபத்து நேரக்கூடும் என்பதால், தயவுசெய்து இதை மேலும் பகிர வேண்டாம்.