பிணத்தின் கனம் தெரியாமல் டார்க் காமெடி எடுக்காதீர்கள்

சாவு, குற்றம் மாதிரி கனமான விஷயத்தில் சிரிப்பைத் தேடும் ஒரு டார்க் காமெடி படம் நாலாம் நாளே தியேட்டரை விட்டுப் போனால் உடனே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது." சின்ன ஊர்களில் எடுபடாது, அதிலும் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் சுத்தமாக எடுபடாது என்று கூடவே ஒரு ஒத்து. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இழவு வீட்டு வாசலில் சீட்டுக்கட்டைப் பிரிக்கிற ஜனம் நாம். ஒப்பாரி வைக்கும் பாட்டியே நடுவில் செத்தவரின் கஞ்சத்தனத்தை எடுத்துவிட்டு, அழுதுகொண்டிருக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவார். அவலத்துக்குள் சிரிப்பது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். படத்தில் வரும் சிக்கலின் கணக்கு, அதாவது யாருக்கு என்ன ஆபத்து, தப்பினால் என்ன விலை என்பது, தெளிவாக இல்லாதபோதுதான் ஜனம் அமைதியாகிவிடுகிறது. தோற்ற படங்களில் பாதி அங்கேதான் தோற்றன.

தொல்காப்பியர் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு நிலம் சொல்கிறார்: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்). அச்சத்துக்கும் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). பேதைமைக்காரன் ஒருவன் கள்வனிடமோ அரசிடமோ மாட்டுவதுதான் டார்க் காமெடி. அச்சம் நிஜமாக இருந்தால் பேதைமை தானாகச் சிரிப்பு மூட்டும். அச்சம் பொம்மையாகிவிட்டால் மிஞ்சுவது வெறும் கோமாளித்தனம்.

2013 மே 1 அன்று வந்த 'சூது கவ்வும்' ஏன் ஓடியது என்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆள் கடத்தலுக்கு என்னென்ன விதிகள் என்று முதலிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர் பக்கம் போகாதே என்பது அதில் தலையானது. பிறகு அமைச்சர் மகனையே தூக்கும்போது எந்த விதி உடைந்தது, அதற்கு என்ன விலை என்று கடைசி வரிசைக்காரருக்கும் தெரியும். துரத்தி வரும் இன்ஸ்பெக்டர் படம் முழுக்க வாயே திறப்பதில்லை. அச்சத்தை அவர் ஒருவரே சுமக்கிறார். அதனால்தான் அவர் செருகி வைத்த துப்பாக்கி அவரையே பதம் பார்க்கும்போது அரங்கு அதிர்கிறது.

கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005 ஏப்ரல் 14 அன்று வந்தது. அதுவும் கடத்தல் கதைதான். அது காலத்துக்கு முந்தி வந்துவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதே நாளில் ரஜினியின் 'சந்திரமுகி' வந்ததைச் சொல்லாமல் அந்தப் பேச்சைப் பேசுவது நியாயம் இல்லை. இன்னொன்றும் உண்டு. அதில் குழப்பத்துக்கு மேல் குழப்பம் ஏறிக்கொண்டே போகிறது. எந்த முடிச்சு அவிழ்ந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று பார்க்கிறவர் விரல் விட்டு எண்ண முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதால் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

'மண்டேலா'வின் கணக்கு இன்னும் எளிது. ஊரில் இரண்டு தரப்புக்கும் சரிசமமான ஓட்டு, முடிவு செய்யப்போவது முடிதிருத்துபவரின் ஒரே ஓட்டு. 2021இல் நேராக டிவியில் வந்த படம், கூடத்தில் உட்கார்ந்து மூன்று தலைமுறையும் பார்த்தது. வசனத்துக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருது கிடைத்தது. 'புரியாது' என்ற வாதம் அங்கேயே முடிந்துபோனது.

இப்போது மலைக்கு வருகிறேன். நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் டார்க் காமெடி குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலானோர் நம்புவது பனியை. பனி மூடினால் மர்மம் வரும், சிரிப்பு வராது. சிரிப்புக்கான சரக்கு மேட்டிலும் இறக்கத்திலும் சோதனைச் சாவடியிலும் கிடக்கிறது.

எல்லோருக்கும் தோன்றும் கதையையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் குன்னூரில் இறந்துவிடுகிறார், உடலை யாருக்கும் தெரியாமல் காரில் மேட்டுப்பாளையம் கொண்டுபோக வேண்டும். பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் அமரர் ஊர்தி இலவசமாகக் கிடைக்குமே, ஏன் கூப்பிடவில்லை? இதற்கு முதல் ஐந்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் மீதிப் படம் வீண். அடுத்து, எந்த மாதம்? கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறுவதும் கோத்தகிரி வழியாக இறங்குவதும் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அப்படியானால் கார் முதலில் கோத்தகிரிக்கு வளைந்து போயாக வேண்டும். வண்டி எண்ணையும் யோசியுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும், நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். மகன் கோவைக்காரன் என்றால் அவன் வண்டி மலை ஏறும்போதே அடிவாரத்துக் கல்லாறு சாவடியில் பதிவாகிவிட்டது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் அதில் இருக்கும். இரண்டு பேர் ஏறி மூன்று பேர் இறங்கினால் என்ன சொல்வான்? இங்கேயே பத்து நிமிடக் காட்சி இருக்கிறது. சாவடியில் இருப்பவர் மும்முரமாகத் தேடுவது மலையில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை. பின் சீட்டில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவரை எழுப்ப வேண்டாம் என்று அவரே கரிசனமாகச் சொல்லலாம். அவர் தன் வேலையை நேர்மையாகச் செய்ய வேண்டும், அவரைக் கேலிப் பாத்திரம் ஆக்கிவிட்டால் பயம் போய்விடும்.

உடலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். விறைப்பு முதலில் கண்ணிமையிலும் தாடையிலும் சுமார் இரண்டு மணி நேரத்தில் தொடங்கும், ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். குளிரில் இது மெதுவாக நடக்கும். நம் வீடுகளில் உயிர் போனதும் வாய்க்கட்டும் கால்கட்டும் போடுவது இதற்காகத்தான். உட்கார்ந்தபடியே விறைத்த உடலைப் பாடையில் நீட்டிக் கிடத்த முடியாது. இந்த ஒரு உண்மையே பாதிப் படத்தை நடத்திவிடும். ஆனால் உயிர் போய் எட்டு மணி நேரம் ஆன பிறகும் நடிகர் கையைத் துணிபோலத் தொங்கவிட்டால், பிணத்தைக் குளிப்பாட்டிய அனுபவம் உள்ளவர்கள் அந்த நொடியே படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கனமும் அப்படித்தான். 65 கிலோ உடலைச் சமதளத்தில் இரண்டு பேர் சமாளிப்பார்கள். லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) ஏறும் பாசி பிடித்த படியில் கீழ்ப்படியில் நிற்பவர் மேல்தான் பெரும்பாரம் இறங்கும். யார் கீழே நிற்பது என்ற சண்டை அண்ணன் தம்பிக்குள் வருவது இயல்பு, சொத்துத் தகராறும் அதில் கலந்து வரும். படப்பிடிப்பில் தலையணை திணித்த பொம்மையைத் தூக்காதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைப் போர்வையில் கட்டித் தூக்க வையுங்கள், முகத்தில் பாரம் தெரியும்.

சட்டத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். சந்தேக மரணத்துக்கு இன்னமும் "174 போட்டிருக்கோம்" என்று வசனம் எழுதுகிறார்கள். 174 பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் அது 194ஆம் பிரிவு.

ஒலிதான் நம் மலைப் படங்களைக் கொல்கிறது. டார்க் காமெடி வசனம் தாழ்ந்த குரலில், உணர்ச்சி காட்டாமல் வரும். தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே அந்தக் குரல் செத்துவிடும், ஒரு சொல் விழுங்கப்பட்டால் சிரிப்பும் போச்சு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். பிப்ரவரி, மார்ச் உத்தமம். சட்டையில் குத்தும் மைக் ஒருவருக்கு ஒன்று, யாரும் பேசாதபோது இருக்கும் அறையின் வெற்று ஒலியை 30 வினாடி தனியாகப் பதிவு செய்யுங்கள். குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸில் ஆவி படியும், அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வையுங்கள், தானியங்கியில் விட்டால் சுவர் முழுக்கப் பட்டை ஓடும்.

எடிட்டிங்கில் பெரிய தப்பு, சிரிப்பு வரும் இடத்தில் முகத்துக்கு நெருக்கமாக வெட்டுவது. பாடை, படி, நான்கு பேர், கீழே நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரும் ஒரே பிரேமில் இருந்தால்தான் அபாயமும் அபத்தமும் சேர்ந்து தெரியும். "டொய்ங்" என்ற பின்னணி ஒலியை வைத்தீர்களானால் பார்க்கிறவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

போட்டுப் பார்க்கும்போது உங்கள் குழுவை அழைக்காதீர்கள். கோத்தகிரியிலோ கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையிலோ ஒரு சமுதாயக் கூடத்தில், சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத 20 பேரை உட்கார வைத்து, அறையின் சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு படத்தோடு அந்தப் பதிவை ஓடவிட்டு, எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே நாற்காலி நகர்ந்தது என்று நிமிடக் கணக்கில் குறியுங்கள். இருமல் கேட்கும் இடத்துக்கு இரண்டு மூன்று காட்சிக்கு முன்னால் ஏதோ ஒரு கணக்கு சொல்லப்படாமல் விட்டுப்போயிருக்கும். பலத்த சிரிப்புக்கு அடுத்த வரியில் முக்கியமான தகவல் இருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. அந்த வரியை இரண்டு வினாடி தள்ளி வைத்து, அடுத்த வாரம் வேறு 20 பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்.