முதலில் சொன்னவர்கள்

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் நினைவு நாளான ஏப்ரல் 21 வந்தால் என் முகநூல் முழுக்க மெழுகுதிரிப் படங்கள். போடட்டும், நானும் போடுவேன். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே போய்ப் பார்த்தால், முஸ்லிம்களைப் பார்த்து "அவங்கட மார்க்கமே இப்படித்தான்" என்று யாராவது ஒருவர் தொடங்கியிருப்பார். பின்னால் வருகிறவர்கள் ஆமாம் போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். நான் மட்டக்களப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பெயரில் கோபப்படுகிற இந்த ஆட்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பையோடு வந்த ஒருவனைச் சபைக்காரர் ஒருவர் உள்ளே விடாமல் மறித்துப் பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கானோர். அவன் வெளியிலேயே குண்டை வெடிக்க வைத்தான். மறித்தவரும் போனார், முற்றத்துப் பிள்ளைகளும் போனார்கள். சீயோனில் இறந்தவர்களில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள். அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். எல்லாம் சேர்த்து 260க்கு மேற்பட்ட உயிர்கள்.

சீயோன் சபையின் போதகர் அந்தச் சூட்டோடு "மன்னிக்கிறோம்" என்று சொன்னார். என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. அவருடைய விசுவாசம் பெரிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மன்னிப்பைக் காட்டி யாராவது விசாரணைக் கோப்பை மூடப் பார்த்தால் அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தத் தாக்குதல்களை முன்னின்று நடத்திய சஹ்ரான் மட்டக்களப்புக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரன். சரி. அவன் முதலில் அடித்தது யாரை? தன் சொந்த ஊரில் இருந்த சூஃபி வழி முஸ்லிம்களை. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் வாளோடு இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவர்களும் அவனைப் பிடியுங்கள் என்று வீதியில் இறங்கிக் கேட்டவர்களும் அந்த ஊர் முஸ்லிம்கள். மாவனல்லைப் பக்கம் 2018 டிசம்பரில் சஹ்ரானோடு தொடர்புள்ளவர்கள் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். அந்த விசாரணையில் பொலிஸுக்கு உதவிய முஸ்லிம் ஒருவரை 2019 மார்ச்சில் வீட்டுக்குள் புகுந்து தலையில் சுட்டார்கள். அப்போது உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

இனி எங்கள் படுவான்கரைக் கதைக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்கு, வருகிறேன். 2018 நவம்பர் 30, வவுணதீவு சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸ்காரர்களைக் கொன்றார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வேறு என்ன வேண்டும்? முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊரிலும் பலர் "திரும்பத் தொடங்கிட்டாங்களோ" என்று குசுகுசுத்தார்கள். உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகுதான் கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரியவந்தது. அந்த மனிதரை அதன்பின் விட்டார்கள். பயங்கரவாதிக்கு இந்த முகம்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் தேடினார்கள். அதனால் அந்தச் சில மாதமும் உண்மையான கொலைகாரர்கள் நிம்மதியாகக் குண்டு செய்துகொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், சீயோன் முற்றத்துப் பிள்ளைகளின் சாவு வவுணதீவில்தான் தொடங்கியது.

2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 16 தாழங்குடாவில் மோட்டார் சைக்கிளை வெடிக்க வைத்து ஒத்திகையே பார்த்தார்கள். அதற்கும் யாரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் உளவுத்துறைத் தலைவராக இருந்தவருக்கும் ஏழரைக் கோடி வீதம். காசு கிடக்கட்டும், கவனிக்காமல் விட்டார்கள் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே பெரிய விஷயம்.

அப்புறம் தண்டனை யாருக்குப் போனது? சஹ்ரானின் ஆட்கள் ஒளிந்திருந்த சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களும் அயல் முஸ்லிம்கள்தான். தற்கொலைதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் உலமா சபை அறிவித்தது. இவ்வளவுக்கும் பிறகு மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒருவரை வெட்டியே கொன்றார்கள். ஆபத்தை முதலில் சொன்னவர்களின் ஆட்கள்தான் அடியும் வாங்கினார்கள்.

இதை எழுதினால் கைதட்ட எங்கள் தமிழ் ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷா தொழுகையில் நின்றவர்களை முதுகுப் பக்கமாகச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சிறுவர்களும் சேர்த்து. புலிகள் மறுத்தார்கள், எனக்குச் சந்தேகம் இல்லை. சுவரில் துளைகளை இன்றும் பார்க்கலாம். அதே ஆண்டு ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்துத் துரத்தினார்கள். இதை "எங்கள் மார்க்கமே அப்படித்தான்" என்று யாராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

நம் பக்கத்திலும் முதலில் சொன்னவர்கள் இருந்தார்கள். துப்பாக்கி யாருடையதாக இருந்தாலும் கேள்வி கேட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகமவை 1989 செப்டெம்பர் 21 யாழ்ப்பாணத்தில் வீதியில் வைத்துச் சுட்டார்கள். அதைச் செய்ததும் புலிகள் என்றே பரவலாக நம்பப்படுகிறது. அதன்பிறகு வாய் திறக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? என் அம்மா 1990க்குப் பிறகு பல வருடம் காத்தான்குடிக் கடைகளுக்குச் சேலை எடுக்கப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் "என்ன முகத்தோட போற மகன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக்கூட வீட்டுக்கு வெளியே அவர் சொன்னதில்லை. நானும் இவ்வளவு காலம் எழுதவில்லை.

இந்த வருடம் ஆகஸ்ட் 3க்கும் மெழுகுதிரி போடப்போகிறேன். உடனே "அதே 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஆமி 158 பேரைக் கொண்டுபோனதே, சத்துருக்கொண்டான் படுகொலையில் ஊர்க்காவல் படை முஸ்லிம்களும் நின்றார்களே, அதை எழுத மாட்டாயா" என்று கேட்க ஆள் இருக்கிறது. எழுதுவேன். செப்டெம்பரில், அந்தந்தத் திகதியில், தனியாக. ஆகஸ்ட் 3க்குக் கீழே அதைக் கொண்டுவந்து பதிலாக ஒட்டாதீர்கள். ஒட்டினால் அழித்துவிடுவேன், கோபிக்க வேண்டாம்.