புத்தகத்தை மூடிவிட்டும் படிக்க வேண்டும்

தேர்வுக்கு முன் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாலே மனதில் நிற்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொன்றை ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்ததுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்து? எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, வாசித்ததில் 42 தான். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் அறிவியல் புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு. இப்போது அதை மூடி வைத்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இதயத்தை வரைந்து பாகம் குறிக்கிறாள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்க்கிறாள். (மனப்பாடத்தோடு இதைக் குழப்ப வேண்டாம்.) பள்ளிகளிலும் மதிப்பெண் போடாத சின்னச் சின்னத் தேர்வுகள் வைக்கலாமே! மார்க் என்றாலே பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள்.