மச்சாள் எழும்பிப் போன படம்

போன சனிக்கிழமை இரவு திருகோணமலை உப்புவெளியில் நண்பன் ஒருவனின் மேல்மாடியில் வெள்ளைப் பெட்சீட் கட்டி, சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம தமிழில் எடுத்த 'இனி அவன்' போட்டோம். தொடங்கும்போது பதினொரு பேர், முடியும்போது ஏழு பேர். எழும்பிப் போனவர்களில் ஒருத்தி என் மச்சாள். இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே, "இந்த ஆளுக்குப் படம் எடுக்க எங்களை விட்டால் வேற ஆக்கள் கிடைக்கேல்லையாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதே மச்சாள்தான் ஒரு காலத்தில் அதே இயக்குநரின் 'அக்ஷரய' தடையைப் பற்றிக் கதை வந்தபோது, கலைஞனின் கையைக் கட்ட எவனுக்கும் உரிமை இல்லை என்று இங்கே நீட்டி எழுதியவள். நானும் போய் இதயம் போட்டேன். சனிக்கிழமையிலிருந்து எனக்கு இந்த இரண்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆளைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். பகலில் மத்திய வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சிங்கள சினிமாவைக் குழப்பிய மனிதர். 2000இல் 'மே மகே சந்தய்', 2002இல் 'தனி தட்டுவென் பியாபன்ன' (மோட்டார் கராஜில் ஆணாக வேலை செய்து, ஒரு பெண்ணோடு குடும்பமும் நடத்துகிற பெண்ணின் கதை, அந்தக் காலத்தில் அதை எடுக்க நெஞ்சுத் துணிவு வேண்டும்), 2005இல் 'அக்ஷரய'. அதில் தாய் நீதவான், தகப்பன் ஓய்வு பெற்ற நீதிபதி, சின்ன மகன் தவறுதலாக ஒரு கொலையைச் செய்துவிடுகிறான். தாயும் மகனும் குளிக்கிற ஒரு காட்சிதான் பிரச்சினையாகப் போனது. தணிக்கைச் சபை வயது வந்தோருக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்த படத்தை அமைச்சு நிறுத்தியது, சிறுவரை ஆபாசமாகக் காட்டினார் என்று விசாரணையும் வந்தது. பையனையும் நடிகையையும் தனித்தனியாக எடுத்து வெட்டி ஒட்டியதுதான் என்று அவர் சொன்னார். அந்தப் படத்தை நான் ஒரு பழுதான கொப்பியில் பார்த்தேன். நல்ல படமா என்று கேட்டால், பாதிதான். நீதிமன்றமும் குடும்பமும் ஒரே அழுகல் என்று சொல்ல வருகிறார், ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அதைத் திரும்பத் திரும்பக் காதுக்குள் கத்துகிறார். ஆட்கள் மேடையில் நிற்கிற மாதிரி நிற்பார்கள், கமரா அசையாது, எனக்குச் சில இடங்களில் கொட்டாவி வந்தது. தடை செய்ததால் மட்டும் ஒரு படம் பெரிய படமாகிவிடாது என்பதை எங்கள் ஆட்களில் கொஞ்சப் பேர் இன்னும் ஏற்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 'அக்ஷரய' தடைபட்டபோது நாங்கள் ஏன் அவ்வளவு துள்ளினோம்? அடி விழுந்தது சிங்களத் தெற்கின் முதுகில். நீதிபதி வீடு, கொழும்பு மேல்தட்டு, பௌத்த ஒழுக்கம் என்று மேடை போட்டுக் கத்துகிறவர்கள். நாங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்தோம். அதற்குப் பெயர் கருத்துச் சுதந்திரம் என்று வைத்துக்கொண்டோம்.

'மே மகே சந்தய்'யிலும் இதே கதைதான். பதுங்குகுழியில் ஒரு சிங்களச் சிப்பாய், உள்ளே வந்து விழுகிற ஒரு தமிழ்ப் பெண். அவன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான், பிறகு துவக்கை விட்டுவிட்டு ஊருக்கு ஓடுகிறான், அவளும் பின்னாலேயே போகிறாள். அந்த ஊரில் இராணுவச் சம்பளமும் செத்த பிள்ளைக்கு வருகிற நட்டஈடும்தான் அடுப்பெரிக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிங்களத்தில், சிங்களவரைப் பார்த்து இதைச் சொன்ன மனிதரை நான் மதிக்கிறேன், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பெண்? படம் முழுக்க அவள் அங்கே இருக்கிறாள், நடக்கிறாள், பார்க்கிறாள். அவளுக்கென்று ஒரு ஊர், தாய் தகப்பன், திட்டுவதற்கு நாலு கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. தெற்கின் மனச்சாட்சியைச் சுரண்டுவதற்கு ஒரு தமிழ் உடம்பு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை.

பிறகு இருபது வருடம் கழித்து 'அல்பொராடா'. கவிஞர் பாப்லோ நெருடா 1929இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் இருந்தார், வெள்ளவத்தைக் கடலோரம் வீடு. தினமும் விடியப்புறம் அவருடைய கக்கூஸ் வாளியை எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணை ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் படுக்கையில் கிடத்தியதை, அவள் கண்ணைத் திறந்தபடி சிலைமாதிரிக் கிடந்ததை, தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்துவிட்டுப் போனார். 1974இல் புத்தகம் வந்தது. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் போனபோதுதான் அங்கே பெண்கள் இந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து எதிர்த்தார்கள். ஹந்தகம படத்தில் அதைக் கண் எதிரே வைக்கிறார். படத்தை நினைத்தால் எனக்கு இன்று அவளுடைய நடையும் முகமும்தான் நிற்கிறது, அவள் சொன்னதாக ஒரு சொல்கூட நிற்கவில்லை. இது திரும்பவும் அதே வேலை, அதே ஊமைத் தமிழச்சி என்று அன்று இரவே எழுதத் தொடங்கினேன்.

எழுதி முடிக்கவில்லை. காரணம் என் அம்மம்மா. திருக்கடலூர்ப் பக்கம் அவருடைய தாய் வீட்டில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். விடியப்புறம் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு பெண் வந்து போவாளாம். தீபாவளிக்குப் பழைய சீலை கொடுப்பார்களாம், தேத்தண்ணியைச் சிரட்டையில் ஊற்றுவார்களாம். அவளுக்கு என்ன பெயர் அம்மம்மா என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "பேர் என்ன பேர், அவளைப் பேர் சொல்லி ஆர் கூப்பிட்டது" என்றார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டுக்கு வந்து போனவள். நெருடாவுக்கும் அவள் பெயர் தெரியாது, ஹந்தகமவுக்கும் தெரியாது, எங்கள் வீட்டுக்கும் தெரியாது. படத்தில் அவள் பேசவில்லை என்று நான் குறை எழுதிக்கொண்டிருக்கிறேன், எங்கள் வளவுக்குள் வந்தவள் பேசியதை யார் கேட்டார்கள்? அந்த வரைவு இன்னும் போனில் கிடக்கிறது.

இப்போது 'இனி அவன்'. 2012 படம், முழுக்கத் தமிழ், யாழ்ப்பாணத்தில் எடுத்தது. புனர்வாழ்வு முடிந்து ஊருக்கு வருகிற முன்னாள் புலிப் போராளி. தர்சன் தர்மராஜ் நடித்திருக்கிறார், மலையகத்துப் பிள்ளை, 2022இல் அநியாயமாகப் போய்விட்டார். அந்த ஆளின் முதுகைப் பார்த்தாலே அவன் எவ்வளவு சுமந்திருக்கிறான் என்று தெரியும், முகம்கூடத் தேவையில்லை. அவன் ஊருக்குள் நடந்து வருகிறான், ஊர் அவனுக்கு மாலை போடவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கொண்டு போனாயே, நீ மட்டும் எப்படித் திரும்பி வந்தாய் என்று பார்க்கிறது. சோற்றுக்கு வேலை தேடினால், அவனுக்குக் கிடைக்கிற காவல் வேலை இன்னொருவனின் சோறு.

இந்த இடத்தில்தான் மச்சாள் எழும்பினாள். எனக்கும் கதிரையில் இருக்க முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சிங்கள இயக்குநர், போர் முடிந்து மூன்று வருடத்தில், எங்களுக்குள் எங்களுக்கு இருந்த கோபத்தைப் படமாக்குவது நியாயமா என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை. தோற்றவன் வீட்டுச் சண்டையை வென்ற பக்கத்து ஆள் வந்து படம் பிடிக்கிறான் என்று ஒருவர் சொன்னால் நான் சட்டென்று மறுக்க மாட்டேன். கொன்றவர்களைக் காட்டாமல் பிழைத்தவனை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாரே என்று அன்று மேல்மாடியில் ஒரு அண்ணர் கேட்டார், அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆனால் மச்சாள், நீ வாசிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் படத்தில்தான் எங்கள் பெண்கள் வாய் திறக்கிறார்கள். ஏசுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்காமல் பார்க்கிறார்கள். 'மே மகே சந்தய்'யில் ஊமையாக இருந்தவள் இங்கே பேசத் தொடங்கியதும் எங்களுக்குக் காது வலிக்கிறது. அந்தக் கதை எங்கள் ஊரில் இல்லாத கதையா? செத்த வீடுகளில் பந்தலுக்குப் பின்னால், குரலைத் தாழ்த்தி, யார் வீட்டுப் பிள்ளை எப்படிப் போனது என்று நீயும் நானும் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? வெளியாள் முன்னால் சொல்லக் கூடாது என்பதுதான் உன் கோபம் என்றால் அதை நான் மதிக்கிறேன். அப்படியென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும், படம் கூடாது என்று சொல்லக் கூடாது. 'அக்ஷரய'வைத் தடை செய்யச் சொன்னவர்களும் வீட்டு விசயம் வெளியே போகிறது என்றுதானே கத்தினார்கள்!

போன வருடம், 2025 தொடக்கத்தில், 'ராணி' வந்தது. பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய் வைத்தியர் மனோராணி சரவணமுத்துவின் கதை. ரிச்சர்டை 1990 பெப்ரவரி 18 வீட்டிலிருந்து தூக்கிப் போனார்கள், உடல் கடலோரத்தில் ஒதுங்கியது. வயது 31. அந்தத் தாயைக் கையில் சிகரெட்டும் கிளாசுமாகக் காட்டினார் என்று அவரை அறிந்தவர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்தச் சிகரெட்டில் பிரச்சினை இல்லை, மகனைப் பறிகொடுத்தவள் என்ன குடித்தால் உனக்கென்ன. அவர் தமிழர் என்பதைப் படம் ஓரமாகத் தூக்கி வைத்ததுதான் உறுத்தியது. ஆனாலும் கடலோரத்துக் கட்டம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்களுக்கும் ஒரு கடற்கரை இருக்கிறதே. 2006 ஜனவரி 2, காந்தி சிலையடிக்குப் பக்கத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள். ரிச்சர்ட் வழக்கில் பொலிஸ்காரர் மூவரும் 2005இல் விடுதலை, எங்கள் பிள்ளைகளின் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுதலை. மனோராணி 2001இலேயே போய்விட்டார், தீர்ப்பைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பெற்றோரில் சிலர் பார்த்தார்கள். எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆள் என்னைத் திருப்திப்படுத்திய படம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு காட்சிக்குப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் நல்ல படம் என்று ஊரெல்லாம் கொண்டாடிய எத்தனையோ படங்களை மடத்தடிச் சந்தி தாண்டுவதற்குள் மறந்திருக்கிறேன், இவருடைய படம் ஒரு கிழமையாக என்னோடு சண்டை பிடிக்கிறது.

வருகிற சனிக்கிழமை அதே மேல்மாடியில் 'ராணி'. அம்மாவும் வருகிறேன் என்கிறார், அதனால் பிளாஸ்டிக் கதிரை இரண்டு கூடுதலாகத் தேவை, கிட்ட இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், நுளம்புத்திரியும். மச்சாள், உனக்கும் ஒரு கதிரை போட்டு வைப்போம். பாதியில் எழும்பிப் போகிற யோசனை இருந்தால் செருப்பை மேல்படியில் கழற்று, கீழே பல்ப் இன்னும் மாற்றவில்லை.