ஹோஜிச்சாவில் கஃபீனே கிடையாதா?

"ஜப்பானின் வறுத்த பச்சைத் தேநீரான ஹோஜிச்சாவில் கஃபீன் துளியும் இல்லை, வறுக்கும்போதே எல்லாம் போய்விடும், குழந்தைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் உணவுச் சத்து அட்டவணையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். போட்டு வடித்த 100 கிராம் ஹோஜிச்சாவில் 20 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. வறுக்காத சாதாரணப் பச்சைத் தேநீரான செஞ்சாவுக்கும் அதே 20தான். காபிக்கு 60, நிழலில் வளர்க்கும் பச்சைத் தேநீரான கியோகுரோவுக்கு 160. காபியைவிடக் குறைவு, சரி. ஆனால் இல்லவே இல்லை என்பது பொய்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? முகிச்சா என்ற இன்னொரு ஜப்பானிய பானமும் இதே பழுப்பு நிறம், இதே வறுத்த வாசனை. ஆனால் அது பார்லி. அதில்தான் கஃபீன் கிடையாது.

ஹோஜிச்சாவிலும் பல வகை உண்டு. கனசாவா நகரின் காகா போச்சா, தேயிலைக் காம்பை வறுத்தது. வாயில் மெல்லிய இனிப்பு, கசப்பு மிகக் குறைவு. கியோட்டோவின் கியோபான்ச்சாவோ பெரிய முற்றிய இலை. வெந்நீர் விட்டதும் விறகடுப்புப் புகை மணம் முகத்தில் அடிக்கும். முதல் தடவை பலருக்குப் பிடிக்காது, எனக்கு அதுதான் உயிர். காம்பிலும் முற்றிய இலையிலும் கஃபீன் இளந்தளிரைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளும் தூக்கமில்லாமல் தவிப்பவர்களும் இந்தச் செய்தியை நம்பிக் குடிக்கக்கூடும். உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.