த்ரூஃபோவின் கடைசிப் படம் மரண சாசனமா?

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் கடைசிப் படமான 'விவ்மான் திமான்ஷ்' பற்றி ஒரு கதை சுற்றுகிறது. மூளைக் கட்டியால் சாகப்போகிறோம் என்று தெரிந்தே, விடைபெறும் படமாக அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தாராம். உருக்கமான கதைதான், ஆனால் தேதி இடிக்கிறது.

படம் பிரான்சில் வெளியானது 1983 ஆகஸ்ட் 10. அவர் உடல்நிலை மோசமானதும், மூளையில் கட்டி இருப்பது தெரிந்ததும் அதற்குப் பிறகுதான். 1984 அக்டோபர் 21 அன்று, 52 வயதில் இறந்தார்.

சரி, அப்புறம் ஏன் கறுப்பு வெள்ளை? சார்லஸ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரின் துப்பறியும் நாவல்தான் மூலம். பழைய ஹாலிவுட் நுவார் (இருண்ட குற்றக்கதை) படங்களின் மழை, இருட்டு, நிழல் எல்லாம் வேண்டும் என்றே அப்படி எடுத்தார். ஒளிப்பதிவு நெஸ்தோர் அல்மெந்த்ரோஸ்.

படத்தைப் பார்த்தவர்கள் இந்த 'விடைபெறும் படம்' கதையை நம்புவது கஷ்டம், அவ்வளவு விளையாட்டுத்தனமான படம். கொலைப்பழி விழுந்த முதலாளி (ழான் லூயி த்ரந்தினியான்) அலுவலகத்தில் ஒளிந்துகிடக்கிறார். கீழ்மட்ட ஜன்னல் வழியாகத் தெருவில் போகும் பெண்களின் கால்களை வேடிக்கை பார்க்கிறார். அதைக் கவனித்துவிட்ட செக்ரட்டரி ஃபானி அர்தான், வேண்டுமென்றே அந்த ஜன்னலைத் தாண்டி இங்கும் அங்கும் நடக்கிறார். துப்பறியும் வேலை முழுவதும் அவருடையதுதான், அதுவும் நாடக ஒத்திகை உடைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு! கடைசிக் காட்சியில் கல்யாணம். கேமராவிலிருந்து விழுந்த லென்ஸ் பாகத்தைச் சிறுவர்கள் காலால் உதைத்து விளையாடுகிறார்கள்.