மூடிட்டாங்க சரி, காலி பண்ணிட்டாங்களா?

போன வாரம் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். விலை அவன் கைக்கு எட்டும், பட்டா சரியாக இருக்கிறது, பஸ் நிறுத்தம் பக்கம். பின்பக்கச் சுவரைத் தாண்டினால் ஒரு கெமிக்கல் கம்பெனி. "அது ஓடலை மாமா. மூடி எட்டு மாசம் ஆச்சு. அதனாலதான் தைரியமா வாங்கலாம்னு இருக்கேன்" என்றான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "மூடிட்டாங்க சரி, காலி பண்ணிட்டாங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. அது அவன் தப்பும் இல்லை. உர ஆலையில் அம்மோனியா பக்கம் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த எனக்கே இது உறைக்கப் பல வருடம் பிடித்தது. புகை வரவில்லை, சங்கு ஊதவில்லை, கேட்டில் லாரி நிற்கவில்லை என்றால் சுற்றியிருக்கும் ஊர் நிம்மதியாகிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கும் அதே கதிதான். ஓடும்போது மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து லாக் புக்கில் எழுதியவர்கள், நின்ற பிறகு ஷிப்டுக்கு ஒரு தடவை எழுதுவார்கள். அப்புறம் அதுவும் விட்டுப்போகும். டேங்கில் நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள நேற்று இருந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து விஷ வாயு கசிந்ததைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. ஆனால் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே மீதைல் ஐசோசயனேட் என்ற அந்த விஷப் பொருளின் தயாரிப்பு நடக்கவே இல்லை என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அக்டோபர் மாதமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். தயாரித்தது மட்டும் டேங்கில் கிடந்தது. 610ஆம் எண் டேங்கில் மட்டும் சுமார் 42 டன். 39 டிகிரியில் கொதிக்கிற பொருள் அது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டும் யூனிட்டை ஜூன் மாதமே நிறுத்தியிருந்தார்கள். தப்பி வரும் வாயுவைக் காஸ்டிக் சோடாவில் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் ஸ்டாண்ட்பையில் இருந்தது. மிச்சத்தை எரிக்க வேண்டிய ஃப்ளேருக்குப் போகும் குழாயில் துருப்பிடித்த ஒரு துண்டைக் கழற்றியிருந்தார்கள். புதுத் துண்டு மாட்டவில்லை. அந்தப் பிரிவில் ஷிப்ட் ஆட்களை ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

டேங்குக்குள் தண்ணீர் போய்த்தான் அந்தப் பொருள் சூடேறிக் கொதித்து வாயுவாக வெளியே வந்தது. அந்தத் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் நிறுவனம் ஒன்று சொன்னது, தொழிலாளர்கள் வேறொன்று சொன்னார்கள். அன்றிரவு பக்கத்துக் குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது நடுவில் பிளைண்ட், அதாவது குழாயை அடைக்கும் இரும்புத் தகடு, போடவில்லை என்பது தொழிலாளர் தரப்பு. தண்ணீர் எந்த வழியாகப் போயிருந்தாலும், குளிரூட்டி, ஸ்க்ரப்பர், ஃப்ளேர் என்று அதைத் தாங்கிப் பிடிக்க இருந்த மூன்றும் ஒரே நேரத்தில் படுத்திருந்தன. "ஓடலையே, இப்ப என்ன அவசரம்" என்ற ஒரு வார்த்தையை நான் வேலை பார்த்த இடத்திலும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும்.

இதற்குப் பிறகு நடந்ததை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. 610 காலியாகிவிட்டது. பக்கத்தில் 611ஆம் டேங்கில் இன்னும் டன் கணக்கில் அதே பொருள். ஊர் பிணங்களை எரித்தும் புதைத்தும் முடிக்கவில்லை, அதற்குள் இதை என்ன செய்வது என்ற கேள்வி. அப்போது மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் தலைமை இயக்குநராக இருந்த எஸ். வரதராஜன் தலைமையில் விஞ்ஞானிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் எடுத்த முடிவு, அந்த ஆலையையே மறுபடி ஓட்டுவது! மிச்சமிருந்ததை வழக்கம்போல ஆல்ஃபா நாப்தால் என்ற வேதிப்பொருளோடு சேர்த்துப் பூச்சிக்கொல்லியாக மாற்றிவிட்டால் விஷ வாயு தீர்ந்துவிடும். டிசம்பர் 16ஆம் தேதி ஆரம்பித்தார்கள். வேலியைச் சுற்றி ஈரத் துணி கட்டினார்கள், ஹெலிகாப்டரில் இருந்து தண்ணீர் தெளித்தார்கள். லட்சக்கணக்கான மக்கள் பயந்து ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஏறத்தாழ ஒரு வாரத்தில் டேங்க் காலியானது. வேலைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் ஃபெய்த்'.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஆலையைப் பத்திரமாக மூடுவதற்கு அந்த ஆலை வேலை செய்தாக வேண்டும். நைட்ரஜன் வேண்டும், கரண்ட் வேண்டும், எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை வைத்துக் காட்டுகிற ஆட்கள் வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே வெட்டிவிட்டுப் பூட்டுப் போட்டால், உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வழியையும் சேர்த்தே பூட்டுகிறோம்.

வெளியில் இருப்பவர்கள் ஷட்டவுன் என்றால் ஸ்விட்சை அணைப்பது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஆலையில் மெத்தனேட்டர் என்று ஒரு வெசல் உண்டு. உள்ளே நிக்கல் கேட்டலிஸ்ட் (வினையூக்கி), ஓடும்போது 300 டிகிரிக்கு மேல் சூடு. ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. நிறுத்தி ஆற விடும்போது உள்ளே கார்பன் மோனாக்சைடு தங்கியிருந்தால், சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் நிக்கல் கார்போனைல் உண்டாகும். நுரையீரலை அழிக்கிற கொடிய விஷம். ஓட்டத்தில் பிறக்காத பொருள் ஆறும்போது பிறக்கிறது. அதனால் சூடு இறங்குவதற்கு முன்னாலேயே நைட்ரஜன் விட்டு எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். தள்ளியாச்சு என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அது நிறைந்த வெசலுக்குள் தலையை நீட்டினால் மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாமல் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உள்ளே போகப் பர்மிட் கிடையாது என்ற விதி அதனால் வந்தது. விழுந்தவரைத் தூக்கப் போய் விழுந்த இன்னொருவருக்காகவும் வந்தது.

அம்மோனியா சேமிப்பு டேங்க் வேறு மாதிரி. மைனஸ் 33 டிகிரியில் திரவமாக இருக்கும். வெளியே சென்னை வெயில். எவ்வளவு காப்பு போர்த்தினாலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், திரவம் ஆவியாகும், அழுத்தம் ஏறும். அந்த ஆவியை இழுத்து, அமுக்கி, குளிர வைத்து மறுபடி டேங்குக்கே அனுப்ப ஒரு கம்ப்ரசர் ராப்பகலாக ஓட வேண்டும். ஆலை ஒரு கிலோ உரம்கூடப் போடாத நாளிலும் அது ஓட வேண்டும். புயல் வந்து கரண்ட் போன ஒரு ராத்திரி, டீசல் ஜெனரேட்டர் எடுக்க மறுத்தது. அது மூன்றாவது தடவையில் எடுக்கும் வரை கண்ட்ரோல் ரூமில் ஒருவரும் பேசவில்லை. அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று ஷிப்டில் ஆள் இருந்தார்கள். யாரும் இல்லாத ஒரு ஆலையில் அந்த முள்ளை யார் பார்ப்பது?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். ஒரு ஷட்டவுனில் அம்மோனியா லைனில் பிளைண்ட் போடச் சொன்னார். முழங்கை மடக்க இடமில்லாத மூலை, எட்டு போல்ட், உச்சி வெயில். "ரெண்டு வால்வு மூடியிருக்குல்ல அண்ணே, போதாதா" என்றேன். அவர் கோபப்படவில்லை. முகமூடியை மாட்டிக்கொள்ளச் சொல்லி, இரண்டு வால்வுக்கும் நடுவில் இருக்கிற சின்ன டிரெய்னைத் திறந்து காட்டினார். சீறிக்கொண்டு வந்தது. "நீ மூடின வால்வுதான் தம்பி. பாஸ் ஆகுது பாரு" என்றார். இரும்பு வால்வு தேயும், நடுவில் ஒரு துரும்பு மாட்டினால் போதும். குழாயைக் கழற்றி நடுவில் முழு இரும்புத் தகடு வைத்து இறுக்கினால் மட்டும்தான் அது மூடியதாகக் கணக்கு. அவர் சாகும் வரை யாரையும் பிளைண்ட் இல்லாமல் ஒரு லைனைத் திறக்க விட்டதில்லை.

விசாகப்பட்டினத்தில் நடந்தது நமக்குக் கண்முன்னால் நடந்தது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு. எல்ஜி பாலிமர்ஸ் ஆலையும் நின்றது. டேங்கில் ஸ்டைரீன், பிளாஸ்டிக் செய்யும் திரவம். அது தானாகவே ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியாகப் பார்க்கும். சேரும்போது சூடு கிளப்பும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாகச் சேரும். அதைத் தடுக்க ஒரு மருந்து கலப்பார்கள், குளிர்ச்சியில் வைப்பார்கள், கலக்கிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். மருந்தும் நாள்பட நாள்படத் தீரும். வாரக்கணக்கில் கிடந்த டேங்கில் அடியில் இருந்த வெப்பமானி குறைந்த சூட்டைக் காட்ட, மேலே இருந்த திரவம் கொதித்துக்கொண்டிருந்தது. இரவில் குளிரூட்டலை நிறுத்திவிடுவார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது. மே 7 விடியற்காலை, வெங்கடாபுரம் தூங்கிக்கொண்டிருந்தபோது ஆவி வெளியே வந்தது. சைரன் ஒலிக்கவில்லை. 12 பேர் போனார்கள். நின்றிருந்த ஆலைகளை எப்படிப் பத்திரமாகத் திரும்ப ஓட்டுவது என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது மே 9ஆம் தேதி. இரண்டு நாள் கழித்து.

தூத்துக்குடியைச் சொல்லாமல் விட முடியாது, சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தும் சொல்கிறேன். 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு, மே 28 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட அரசு ஆணையிட்டது. மூடச் சொன்ன மக்கள் பக்கம் நின்றவன் நான், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்து, கேட்டைப் பூட்டி, சீல் வைத்த பிறகு, ஜூன் மாதம் உள்ளே கந்தக அமிலத் தொட்டியில் கசிவு என்று செய்தி வந்தது. அப்புறம்தான் அதிகாரிகள் அமிலத்தை வெளியே எடுக்க ஏற்பாடு செய்தார்கள். மூடும் ஆணையின் முதல் வரியே உள்ளே இருப்பதை எத்தனை நாளில், யார் பொறுப்பில், எந்த வழியாக எடுப்பது என்பதாக இருந்திருக்க வேண்டும். மூடு என்று கோஷம் போடுகிற நம் வாயிலும் அந்த இரண்டாவது வார்த்தை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மூடு, காலி செய்.

முதலாளிகள் பக்கத்தில் ஒரு கேள்வி வரும், அதில் நியாயமும் இருக்கிறது. வருமானம் நின்றுபோன கம்பெனி கம்ப்ரசருக்குக் கரண்ட் பில்லும் ஆறு ஆபரேட்டருக்குச் சம்பளமும் எங்கிருந்து கொடுக்கும்? கடன் கொடுத்த வங்கி நிலத்தைப் பார்க்கும், இயந்திரத்தைப் பார்க்கும், டேங்கில் இருப்பதைப் பார்க்காது. என் பதில், ஓடுகிற காலத்திலேயே அந்தப் பணத்தை எடுத்து வைக்க வேண்டும் என்பது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இது இருக்கிறது. சுரங்கத்தை மூடும் செலவுக்காக ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்று 2009இலேயே வழிகாட்டுதல் வந்தது. குளோரினும் அம்மோனியாவும் டன் கணக்கில் வைத்திருக்கும் ஆலைக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு வேண்டும். கடைசி கிலோ வெளியே போய், நைட்ரஜன் விட்டுத் தள்ளும் பர்ஜ் முடிந்து, வாயு சோதனையில் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வரை யாரும் தொட முடியாத கணக்கு. அதுவரை ஷிப்டில் இருக்கிறவர்களை வேலையை விட்டு அனுப்பவும் கூடாது. நாளை வேலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதனிடம் இன்றைய பிளைண்டை ஒழுங்காகப் போடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

போபாலில் அந்தக் கணக்கு இல்லை. ஆலை வளாகத்தில் கிடந்த கழிவில் 337 டன்னை எரிப்பதற்காக லாரியில் ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டுபோனது 2025 சனவரியில். நாற்பது வருடம் கழித்து. அங்கே எரிக்கக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

தங்கை மகன் மனைக்கு முன்பணம் கொடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் போய் அந்தக் கம்பெனி வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வந்தான். அவர் வயதானவர், ராத்திரிக்கு ஒரே ஆள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "வெள்ளை பெயிண்ட் அடிச்ச பெரிய டேங்க் ஒண்ணு இருக்கு தம்பி. அதுக்குப் பக்கத்துல ஒரு மோட்டார் மட்டும் விட்டு விட்டு ஓடிக்கிட்டே இருக்கும். அது சத்தத்துலதான் எனக்குத் தூக்கம் வராம இருக்கு" என்றாராம்.

கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோட்டார் ஓடுகிறது என்றால் டேங்கில் சரக்கு இருக்கிறது. ஓடுகிறதே என்று ஒரு பக்கம் ஆறுதல். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இருவருமாக உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். டேங்கில் இருப்பது என்ன, எத்தனை டன், எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறோம். இன்னொரு கேள்வியை அவனே சேர்த்தான்: அந்த மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டுவது யார், அடுத்த மாதமும் கட்டுவாரா?